ஏழு பேர் ஆடுவது குட்டி ரக்பி இல்லை

டர்பன் பக்கம் பீனிக்ஸில் இருக்கும் ஒரு தங்கை கேட்டிருக்கிறார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி டர்பன் வந்தவர். ஹைஸ்கூலில் படிக்கும் பையனைச் செவன்ஸ் (ஏழு பேர் ஆடும் ரக்பி) டீமில் சேர்க்கலாம் என்று கோச் சொல்லியிருக்கிறார். வீட்டில் மாமனாரோ, "ஏழு பேர் ஓடிப் பிடித்து விளையாடுவதெல்லாம் ரக்பியா? பதினைந்து பேர் இறங்கினால்தான் ரக்பி" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார். அவர் கேட்பது மூன்று: இரண்டுக்கும் என்ன வித்தியாசம், செவன்ஸ் மட்டமான ஆட்டமா, அதில் அடிபடுவது குறைவா?

கடைசி இரண்டுக்கும் பதில் "இல்லை". முதல் கேள்விக்குத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

முதலில் மனதில் வைக்க வேண்டியது ஒன்றே ஒன்று. ஆட்களைக் குறைத்தார்கள், நேரத்தைக் குறைத்தார்கள், மைதானத்தை மட்டும் குறைக்கவில்லை. பதினைந்து பேர் ஆடும் அதே 100 மீட்டர் நீளம், 70 மீட்டர் அகலத்தில்தான் ஏழு பேரும் ஆடுகிறார்கள். அதே பந்து, அதே எச் வடிவக் கம்பங்கள். ட்ரைக்கு (எதிரியின் கோல் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைப்பது) 5 புள்ளி, அதன்பின் கம்பங்களுக்கு நடுவே உதைக்கும் கன்வர்ஷனுக்கு 2, எதிரியின் தவறுக்குக் கிடைக்கும் பெனால்டி உதைக்கும், ஆட்டத்தின் நடுவே பந்தைத் தரையில் விட்டு உதைக்கும் டிராப் கோலுக்கும் 3 என்ற கணக்கும் அதேதான். செவன்ஸுக்கென்று தனிச் சட்டப் புத்தகம் கிடையாது. பதினைந்து பேர் ஆட்டத்தின் சட்டத்திலேயே சில இடங்களில் மட்டும் மாற்றம் எழுதியிருக்கிறார்கள்.

நம் ஆட்கள் உடனே டி20-யைக் கொண்டுவந்து வைப்பார்கள்: "டெஸ்டுக்கு டி20 எப்படியோ, அப்படித்தானே?" அப்படி இல்லை. டி20-யிலும் பதினொரு பேர்தான், ஓவர்தான் குறைவு. ஃபீல்டிங் நிற்கும் ஆட்களில் நான்கு பேரை வெளியே அனுப்பிவிட்டு அதே மைதானத்தைக் காவல் காக்கச் சொன்னால் கிரிக்கெட் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். செவன்ஸ் அந்த மாதிரி.

கணக்குப் போட்டால் சட்டென்று புரியும். பதினைந்து பேரை 70 மீட்டர் அகலத்தில் வரிசையாக நிறுத்தினால் ஆளுக்கு ஐந்து மீட்டருக்கும் குறைவு. இரண்டு மூன்று பேரைப் பின்னால் நிறுத்தினாலும் முன்வரிசை நெருக்கமாகவே இருக்கும். செவன்ஸில் ஒருவர் பின்னால் துப்புரவுக்கு நிற்பார், அவரை ஸ்வீப்பர் என்போம். மீதி ஆறு பேர் முன்னால். ஆளுக்குக் கிட்டத்தட்ட பன்னிரண்டு மீட்டர். கைக்கு எட்டுகிற தூரத்தில் பக்கத்து ஆள் இல்லை. ஒருவர் கோட்டைவிட்டால் மூடுவதற்கு அடுத்தவர் கிடையாது, ட்ரைதான். பதினைந்து பேர் ஆட்டத்தில் ஒரு டேக்கிள் (ஓடுகிறவனைப் பிடித்து வீழ்த்துவது) தவறினால் அது ஒரு தவறு. செவன்ஸில் அது பெரும்பாலும் ஐந்து புள்ளி.

பதினைந்து பேர் ஆட்டத்தில் 8 பேர் ஃபார்வர்டுகள், 7 பேர் பேக்குகள். ஃபார்வர்டுகளின் பிழைப்பே பந்தைச் சம்பாதித்துக் கொடுப்பதுதான்: ஸ்க்ரம் (இரு அணியும் தோள் கோத்துத் தள்ளுவது), லைன்-அவுட் (ஓரத்திலிருந்து வீசும் பந்துக்கு வரிசையாக நின்று எழும்புவது), மால் (பந்தோடு நிற்பவரைச் சூழ்ந்து தள்ளுவது), ரக் (கீழே கிடக்கும் பந்துக்கு மேல் நின்று தள்ளுவது). பேக்குகள் அந்தப் பந்தை வாங்கி ஓடுகிறவர்கள். செவன்ஸில் 3 ஃபார்வர்டுகள், 4 பேக்குகள். ஸ்க்ரம்மில் மூன்றுக்கு மூன்று. பந்து உள்ளே போகும், நடுவில் நிற்கும் ஹூக்கர் காலால் பின்னுக்குத் தள்ளுவார், பந்து வெளியே வந்துவிடும். சில நொடிகளில் முடிந்துபோகும் காரியம். ஆட்டத்தை மறுபடி தொடங்க ஒரு வழி, அவ்வளவுதான். பதினைந்து பேர் ஆட்டத்தில் அது ஒரு ஆயுதம். தென்னாப்பிரிக்காவில் உட்கார்ந்துகொண்டு அதைச் சொல்லாமல் போக முடியாது.

2023 உலகக் கோப்பை அரையிறுதி ஞாபகம் இருக்கிறதா? பாரிஸில் மழை. இங்கிலாந்து 15, நாம் 6. அன்று இங்கிலாந்து ஒரு ட்ரைகூடப் போடவில்லை. அத்தனையும் காலால் அடித்த புள்ளி. இரண்டாம் பாதியில் நம் டர்பன் ஷார்க்ஸ் அணியின் ஆக்ஸ் இன்ச்சே உள்ளே வந்தார். "சாலட் சாப்பிட்டு ஸ்க்ரம் ஜெயிக்க முடியாது" என்று சொல்லி எல்லாரையும் சிரிக்கவைத்தவர் அவர்தான். அவர் வந்தபின் ஸ்க்ரம்மின் நிறமே மாறிப்போனது. இங்கிலாந்தின் முன்வரிசை வளைந்தது, மடிந்தது, விசில் மேல் விசில். ஆர்ஜி ஸ்நைமன் ட்ரை போட்டார், கன்வர்ஷனோடு 13-15. 77-வது நிமிடம் வாக்கில் இன்னொரு ஸ்க்ரம், இன்னொரு பெனால்டி. சுமார் 49 மீட்டர் தூரத்திலிருந்து ஹாண்ட்ரே பொலார்ட் பந்தைக் கம்பங்களுக்கு நடுவே அனுப்பினார். 16-15.

அதில் எங்கேயாவது யாராவது ஐம்பது மீட்டர் ஓடினார்களா? இல்லை. எட்டுப் பேர் எட்டுப் பேரைத் தள்ளினார்கள், எதிரிக்கு மூச்சு முட்டியது, தவறு செய்தார்கள், அந்தத் தவறைப் புள்ளியாக மாற்றினோம். செவன்ஸில் இந்தக் கதை நடக்கவே நடக்காது. நசுக்கி நசுக்கிக் களைப்பூட்ட நேரமும் இல்லை, ஆளும் இல்லை.

இன்னொரு விஷயம் சொல்கிறேன், மாமனாருக்கும் பிடிக்கும். நம் தென்னாப்பிரிக்கப் பதினைந்து பேர் அணியான ஸ்பிரிங்போக்ஸ் நான்கு முறை உலகக் கோப்பை வென்றிருக்கிறார்கள்: 1995, 2007, 2019, 2023. இதில் மூன்று இறுதிப் போட்டிகளில் நம் அணி ஒரு ட்ரைகூடப் போடவில்லை. 1995-ல் நியூசிலாந்தை 15-12 என்று வென்றது முழுக்க உதைத்த புள்ளிகளில். கூடுதல் நேரத்தில் ஜோயெல் ஸ்ட்ரான்ஸ்கி அடித்த டிராப் கோல்தான் முடிவு. 2007-ல் இங்கிலாந்தை 15-6. 2023-ல் நியூசிலாந்தை 12-11, பொலார்டின் நான்கு பெனால்டிகள். 2019-ல்தான், அதுவும் இரண்டாம் பாதியில், மக்காஸோலே மாப்பிம்பி நமக்கு இறுதிப் போட்டியின் முதல் ட்ரையைப் போட்டார். ட்ரை போடாமலே உலகச் சாம்பியன் ஆகலாம் என்பது பதினைந்து பேர் ஆட்டத்தின் குணம். சிலருக்கு அது சலிப்பு. எனக்கு அதுதான் ருசி. ஆனால் செவன்ஸில் ட்ரை போடாதவனுக்கு வழியே இல்லை. பெனால்டி கிடைத்தால் அனேகமாக யாரும் கம்பத்தைப் பார்ப்பதில்லை, பந்தைக் காலில் தட்டிவிட்டு ஓடத் தொடங்கிவிடுவார்கள்.

மழையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1995 அரையிறுதி இதே டர்பன் கிங்ஸ் பார்க்கில் நடந்தது. கொட்டித் தீர்த்த மழையில் மைதானமே குளமாகிவிட, பெண்கள் துடைப்பத்தோடு இறங்கித் தண்ணீரைத் தள்ளினார்கள். அந்தச் சேற்றில் பிரான்ஸை 19-15 என்று வென்றோம். பதினைந்து பேர் ஆட்டம் சேற்றிலும் ஆட்டமாகவே இருக்கும், கனத்த ஃபார்வர்டுகளுக்குக் கொண்டாட்டம். செவன்ஸுக்கு ஈரம் ஆகாது. நனைந்த பந்து கையிலிருந்து நழுவினால் நழுவியவனுக்கும் எதிரிக்கும் நடுவே ஐம்பது மீட்டர் வெறும் புல்தான் இருக்கும்.

(டர்பனின் சாட்ஸ்வொர்த் பக்கம் நம் வயதானவர்களிடம் பேசினால், நிறவெறிக் காலத்தில் ஸ்பிரிங்போக்ஸ் ஆடினால் நியூசிலாந்துக்குத்தான் கைதட்டினோம் என்பார்கள். நம் வீடுகளில் கால்பந்தும் கிரிக்கெட்டும் வேரூன்றிய அளவுக்கு ரக்பி வேரூன்றாததற்கு அந்தப் பழைய கசப்பும் ஒரு காரணம். மாமனார் இன்று ரக்பிக்காக வாதாடுகிறார் என்றால் காலம் நன்றாகவே மாறியிருக்கிறது.)

இனி செவன்ஸை அருகிலிருந்து பார்ப்போம்.

ஒரு பாதி 7 நிமிடம். இடைவேளை 2 நிமிடம், மைதானத்திலேயே வட்டமாக நின்று தண்ணீர் குடிப்பதோடு சரி. பிறகு இன்னொரு 7 நிமிடம். பதினைந்து பேர் ஆட்டத்தில் 40 நிமிடம் வீதம் இரண்டு பாதி, நடுவே 15 நிமிடம் வரை ஓய்வு. பள்ளிப் பையன்களுக்குப் பாதிக்கு 35 நிமிடத்துக்கு மேல் போகாது. மாற்று ஆட்கள் அங்கே 8 பேர், இங்கே 5 பேர்.

ஒரு ட்ரை விழுந்த பிறகு என்ன நடக்கிறது என்று கவனியுங்கள். பதினைந்து பேர் ஆட்டத்தில் புள்ளி வாங்கிக் கட்டிக்கொண்ட அணி நடுக்கோட்டிலிருந்து உதைக்கும். ட்ரை போட்டவர்களுக்கே பெரும்பாலும் பந்து திரும்பக் கிடைக்கும். செவன்ஸில் தலைகீழ்: ட்ரை போட்ட அணியே உதைக்க வேண்டும். எதிரிக்குப் பந்து கிடைக்கட்டும் என்பது நியாயம்தான். ஆனால் நல்ல அணி அப்படிச் சும்மா கொடுத்துவிடாது. உதைப்பவர் பந்தை நேர் உயரத்துக்கு ஏற்றுவார். பத்து மீட்டர் கோட்டைத் தாண்டினால் போதும், நீளம் தேவையில்லை. காற்றில் நிற்கும் நேரம்தான் தேவை. அதற்குள் இரண்டு பேர் பாய்ந்து வந்து கீழே நிற்பார்கள். இன்னொருவர் தன் கூட்டாளியை அரைக்கால் சட்டையைப் பிடித்து மேலே தூக்குவார். எதிரணியிலும் ஒருவர் அதேபோல் மேலே போவார். இரண்டு கைகள் மேலே மோதும், ஒருவர் விரல்நுனியால் பந்தைத் தன் பக்கம் தட்டிவிடுவார். தட்டியது ட்ரை போட்ட அணி என்றால் எதிரணி பந்தைத் தொடாமலேயே இன்னொரு ட்ரையை வாங்கும். 14 நிமிட ஆட்டத்தில் மூன்று ட்ரை வரிசையாக இப்படிப் போனால் கதை முடிந்தது. அதனால்தான் செவன்ஸ் கோச்சுகள் மற்ற எதையும்விட இந்தக் கிக்-ஆஃபுக்குப் பயிற்சி கொடுத்துச் சாகடிப்பார்கள்.

பந்து கையில் இருக்கும்போது முதன்முறை பார்க்கிறவர்களுக்குக் குழப்பம் வரும். "ஏன் இவன் பின்னால் ஓடுகிறான்?" என்பார்கள். வலப்பக்கம் போகிறார்கள், வழி இல்லை, பின்னால் வீசுகிறார்கள், இன்னும் பின்னால், இருபது மீட்டர் இழந்து இடப்பக்கம் வருகிறார்கள். ஒருவர் பந்தோடு நடக்கவே செய்வார். அது சோம்பல் இல்லை. எதிரே நிற்கும் தடுப்பாளரின் இடுப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அந்த இடுப்பு ஒரு பக்கம் திரும்பியதும் மறுபக்கம் வேகம் எடுப்பார், அல்லது அந்தத் தடுப்பாளர் ஆசைப்பட்டு இரண்டு எட்டு முன்னால் வந்துவிட்டால் அவர் விட்ட இடத்துக்குப் பந்தை அனுப்புவார். பதினைந்து பேர் ஆட்டத்தில் இடத்தைப் பிடிக்கப் பந்தைத் தூக்கி உதைப்பார்கள்; பந்து போனாலும் எதிரி அவன் எல்லையில் மாட்டிக்கொள்வான் என்ற கணக்கு. செவன்ஸில் பந்தை உதைத்துக் கொடுப்பது பாவம். கையில் பந்து இருக்கிறதா, இல்லையா, அதுதான் செல்வம். பின்னால் போன இருபது மீட்டர் மூன்று நொடியில் திரும்ப வந்துவிடும்.

ட்ரை போட ஓடுகிறவரையும் பாருங்கள். யாரும் துரத்தவில்லை, மூலையில் கோட்டைத் தாண்டிவிட்டார், ஆனாலும் பந்தைத் தரையில் வைக்காமல் வளைந்து கம்பங்களுக்கு நடுவே ஓடுவார். காரணம் கன்வர்ஷன். பதினைந்து பேர் ஆட்டத்தில் பந்தை 'டீ' என்ற சின்னத் தாங்கியில் நிறுத்தி, மூச்சை இழுத்துவிட்டு, 60 நொடிக்குள் அடிக்கலாம். செவன்ஸில் டீ கிடையாது. பந்தைக் கையிலிருந்து விட்டு, அது தரையில் பட்டு எழும் நொடியில் உதைக்க வேண்டும், அதுவும் 30 நொடிக்குள், எழுபது மீட்டர் ஓடி மூச்சிரைக்கும்போதே. ஓரத்திலிருந்து அடிப்பது பெரும்பாடு. ஆகவே அந்த வளைந்த ஓட்டம் இரண்டு புள்ளிக்கான ஓட்டம்.

அந்த நேரத்தில் எதிரணி எங்கே நிற்கிறது என்பதும் சுவையான விஷயம். பதினைந்து பேர் ஆட்டத்தில் அவர்கள் கோல் கோட்டுக்குப் பின்னால் நின்று, உதைப்பவர் ஓடத் தொடங்கியதும் பாய்ந்து வந்து தடுக்கலாம். செவன்ஸில் பாயக் கூடாது. நேராகத் தங்கள் பத்து மீட்டர் கோட்டுக்குப் போய் அடுத்த கிக்-ஆஃபுக்குத் தயாராக வேண்டும். நேரத்தை மிச்சப்படுத்த வைத்த சின்ன மாற்றம்தான். ஆனால் 2023 காலிறுதியை நினைத்துப் பாருங்கள். பிரான்ஸின் தொமா ராமோஸ் கன்வர்ஷன் அடிக்க வந்தார், செஸ்லின் கோல்பே பின்கோட்டிலிருந்து அம்பாகப் பாய்ந்து பந்தைத் தடுத்துவிட்டார். போன புள்ளி இரண்டு. அன்று நாம் வென்றது 29-28. ஒரு புள்ளி! அந்தக் கோல்பே 2016 ரியோ ஒலிம்பிக்கில் செவன்ஸ் ஆடி வெண்கலம் வாங்கியவர். செவன்ஸ் தந்த கால் வேகம், செவன்ஸ் சட்டம் அனுமதிக்காத ஒரு வேலையைச் செய்து உலகக் கோப்பையைக் காப்பாற்றியது.

அதே ஆட்டத்தில் டேமியன் வில்லெம்ஸே நம் எல்லைக்குள் பந்தைப் பிடித்து 'மார்க்' கேட்டார், எதிரி உதைத்த பந்தை நேராகப் பிடித்தவருக்குக் கிடைக்கும் ஃப்ரீ கிக் அது. எல்லாரும் உதைத்து வெளியே அனுப்புவார் என்று காத்திருக்க, அவர் ஸ்க்ரம் வேண்டும் என்று சைகை காட்டினார். பிரான்ஸுக்கு முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! ஃப்ரீ கிக்குக்குப் பதில் ஸ்க்ரம் கேட்கக் கூடாது என்று 2024 ஜூலையில் சட்டத்தையே மாற்றிவிட்டார்கள். பதினைந்து பேர் ஆட்டத்தையும் வேகப்படுத்தவே சட்டம் எழுதுகிறவர்கள் பார்க்கிறார்கள். அதில் எனக்குப் பாதி சம்மதம், பாதி இல்லை.

அட்டை விஷயம் சுருக்கமாக. மஞ்சள் அட்டை வாங்கினால் அங்கே 10 நிமிடம் வெளியே, இங்கே 2 நிமிடம். இரண்டு நிமிடம்தானே என்று எண்ண வேண்டாம். 14-ல் 2 என்பது ஆட்டத்தின் ஏழில் ஒரு பங்கு, போனதோ ஏழு பேரில் ஒருவர். அந்த இரண்டு நிமிடத்தில் இரண்டு ட்ரை விழுவது சாதாரணம். ஆனாலும் விதிவிலக்கு உண்டு, அது நம் தலையிலேயே விழுந்தது. டோக்கியோ ஒலிம்பிக் காலிறுதியில் அர்ஜென்டினாவின் காஸ்தோன் ரெவோல் முதல் பாதியிலேயே சிவப்பு அட்டையில் வெளியேறினார். மீதி ஆட்டம் முழுக்க ஆறு பேர். நம் செவன்ஸ் அணியான பிளிட்ஸ்போக்ஸ் ஏழு பேர். தோற்றது நாம், 14-19. அர்ஜென்டினா வெண்கலத்தோடு ஊர் போனது.

செவன்ஸில் முன்கணிப்புச் சொல்கிறவன் மூக்குடைபடுவது இதனால்தான். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று ஆட்டம், இரண்டு மூன்று நாளில் முழுத் தொடரும் முடிந்துவிடும். பாரிஸ் 2024-ல் நாம் குழு ஆட்டத்தில் நியூசிலாந்திடம் 5-17 என்று தோற்றோம். காலிறுதியில் அதே நியூசிலாந்தை 14-7 என்று வீட்டுக்கு அனுப்பினோம். பிறகு பிரான்ஸிடம் தோற்று, கடைசியில் ஆஸ்திரேலியாவை 26-19 வென்று வெண்கலம். பதினைந்து பேர் ஆட்டத்தில் 80 நிமிடம் இருப்பதால் பலமான அணி தன் பலத்தைக் காட்ட அவகாசம் கிடைக்கும். செவன்ஸில் மூன்று நிமிடம் தூங்கினால் விழிக்கும்போது பேருந்தில் இருப்பீர்கள்.

சின்ன நாடுகளுக்குச் செவன்ஸ் கதவு திறப்பதும் இதே காரணத்தால்தான். பதினைந்து பேர் ஆட்டத்துக்கு ஸ்க்ரம்மின் முன்வரிசையில் நிற்கும் 120 கிலோ ப்ராப்கள் நான்கைந்து பேர், எபன் எட்ஸபெத் மாதிரி இரண்டாம் வரிசையில் நிற்கும் இரண்டு மீட்டர் உயர லாக்குகள், அவர்களை வருடக்கணக்கில் வளர்க்கும் கிளப்புகள், பணம் எல்லாம் வேண்டும். ஆட்டத்தன்று மட்டும் 23 பேர். 2023 இறுதிக்கு நம் அணி எட்டு மாற்று ஆட்களில் ஏழு பேரை ஃபார்வர்டுகளாகவே வைத்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். செவன்ஸுக்கு 12 நல்ல ஓட்டக்காரர்கள் போதும். பத்து லட்சம் மக்கள்கூட இல்லாத ஃபிஜி 2016-ல் பிரிட்டனை 43-7 என்று நொறுக்கித் தங்கம் வாங்கியது. அந்த நாட்டுக்கு எந்த விளையாட்டிலும் கிடைத்த முதல் ஒலிம்பிக் பதக்கமே அதுதான். அதைக் கொண்டாட ஏழு டாலர் நோட்டு என்று ஒன்றை அச்சடித்தார்கள், உலகத்தில் வேறு எங்கே பார்க்க முடியும்? (நம்மைப் போலவே கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறிப் போன தமிழர்களின் வாரிசுகள் அந்தத் தீவிலும் இருக்கிறார்கள், அந்த நோட்டு அவர்கள் வீட்டு அலமாரியிலும் பத்திரமாக இருக்கும் என்று நம்புகிறேன்.) அதே ஃபிஜி பதினைந்து பேர் உலகக் கோப்பையில் காலிறுதியைத் தாண்டியதில்லை. கென்யா 2016-ல் சிங்கப்பூர் செவன்ஸ் இறுதியில் அந்த ஃபிஜியையே 30-7 என்று வென்றது. அந்தக் கென்யா ஆண்கள் பதினைந்து பேர் உலகக் கோப்பையில் 2023 வரை ஒருமுறைகூட ஆடியதில்லை.

செவன்ஸ் நேற்று டிவிக்காகக் கண்டுபிடித்த சரக்கு என்று மாமனார் சொன்னால் அதற்கும் பதில் இருக்கிறது. 1883-ல் ஸ்காட்லாந்தின் மெல்ரோஸ் என்ற சின்ன ஊரில், கிளப்புக்குப் பணம் சேர்க்க ஒருநாள் போட்டி வைக்க நினைத்தார்கள். பதினைந்து பேர் வீதம் பல அணிகள் ஒரே மாலையில் ஆடி முடிக்க முடியாது. நெட் ஹேக் என்ற கசாப்புக் கடைக்காரர், ஏழு பேராகக் குறைக்கலாம் என்றார். அன்று தொடங்கியது. ஒலிம்பிக்கில் பதினைந்து பேர் ஆட்டம் 1924-ல் கடைசி. ரக்பி அங்கே திரும்பி வந்தது 2016-ல், செவன்ஸாக. இன்று இந்தியாவிலும் 2025-ல் செவன்ஸ் லீக் தொடங்கி, முதல் பட்டத்தைச் சென்னை புல்ஸ் எடுத்தது. தமிழ்நாட்டில் இருக்கும் உங்கள் அண்ணன் தம்பிகளுக்கு ரக்பி என்றால் இனி முதலில் கண்ணில் படப்போவது ஏழு பேர் ஆட்டம்தான்.

சரி, பையன் விஷயத்துக்கு வருவோம். நான் டர்பன் பக்கம் பள்ளி ஆட்டங்களுக்கு விசில் ஊதுகிறவன், அந்த இடத்திலிருந்து சொல்கிறேன்.

செவன்ஸுக்குப் போனால் பதினைந்து பேர் ஆட்டத்துக்கான வழி அடைபடாது. நம் நாட்டில் அது ஒரு வாசல். கோல்பேயைச் சொன்னேன். க்வாகா ஸ்மித் அதே ரியோ வெண்கல அணியில் இருந்தார், பிறகு 2019-லும் 2023-லும் உலகக் கோப்பை. கர்ட்-லீ அரென்ட்சே செவன்ஸிலிருந்து வந்து 2023 இறுதியில் ஆடினார். பிளிட்ஸ்போக்ஸின் பயிற்சியாளராகப் பல ஆண்டுகள் இருந்த நீல் பவல்தான் பிறகு டர்பன் ஷார்க்ஸின் ரக்பி இயக்குநராக வந்தார். எதிர்த்திசையிலும் போகிறார்கள்: பிரான்ஸின் அன்துவான் துப்போன், பதினைந்து பேர் ஆட்டத்தின் உச்சத்தில் இருந்தவர், 2024-ல் செவன்ஸுக்கு இறங்கிப் பாரிஸ் இறுதியில் ஃபிஜிக்கு எதிராக இரண்டு ட்ரை போட்டுத் தங்கம் வாங்கினார்.

செவன்ஸ் ஆடிய பையனைப் பதினைந்து பேர் ஆட்டத்தில் தூரத்திலிருந்தே அடையாளம் கண்டுவிடலாம். தனியாக ஒருவனை எதிர்கொள்ளும்போது பதற மாட்டான், டேக்கிளில் நிதானமாகக் காலை ஊன்றுவான், ஃபார்வர்டாக இருந்தாலும் இரண்டு கையாலும் பாஸ் கொடுப்பான். பெரிய கூட்டத்துக்குள் ஒளிந்துகொள்ள இடம் இல்லாத ஆட்டத்தில் வளர்ந்தவன் அவன். அவனிடம் இல்லாதது ஸ்க்ரம், மால் அனுபவம். உங்கள் பையன் ஒல்லியாக, வேகமாக இருந்தால் அதனால் பெரிய நஷ்டம் இல்லை. உருண்டு திரண்ட உடம்பு, தள்ளுவதில் ஆசை என்றால் செவன்ஸ் அவனுக்குக் கஷ்டம். கோச்சிடம் அதைத் தயங்காமல் கேளுங்கள்.

அடிபடுவதைப் பற்றி மழுப்பாமல் சொல்கிறேன். ஆள் குறைவு, இடிபடுவது குறைவு, ஆகவே காயம் குறைவு என்று பல பெற்றோர் நினைக்கிறார்கள். உலகத் தரப் போட்டிகளில் எடுத்த கணக்குகளைப் பார்த்தால், ஆடிய நேரத்தை வைத்து வகுக்கும்போது செவன்ஸில் காயம் குறைவு இல்லை, பதினைந்து பேர் ஆட்டத்தைவிடக் கூடுதலாகவே வருகிறது. இருவரும் முழு வேகத்தில் வரும்போது விழும் டேக்கிள், திடீரென்று திசை மாற்றும் முழங்கால், கணுக்கால், ஒரே நாளில் மூன்றாவது ஆட்டம் ஆடும் களைத்த தொடை, இவைதான் வில்லன்கள். ஸ்க்ரம் இடிந்து கழுத்தில் அடிபடும் பயம் மட்டும் இங்கே குறைவு. பதினைந்து பேர் ஆட்டத்திலும் 19 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஸ்க்ரம்மை ஒன்றரை மீட்டருக்கு மேல் தள்ளக் கூடாது என்று சட்டம் இருக்கிறது, ஆகவே டிவியில் பார்ப்பதை வைத்துப் பயப்பட வேண்டாம்.

கோச்சிடம் முதலில் போக்ஸ்மார்ட் சான்றிதழைப் பற்றிக் கேளுங்கள். தென்னாப்பிரிக்க ரக்பியின் பாதுகாப்புப் பயிற்சி அது. கோச்சும் நடுவரும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். புதுப்பித்திருக்கிறாரா என்று கேட்பதில் அவமரியாதை ஒன்றும் இல்லை, கேட்பது உங்கள் உரிமை. தலையில் அடிபட்டதாக நடுவருக்குச் சந்தேகம் வந்தால் நீல அட்டை காட்டுவார். அந்தப் பையன் அன்று மறுபடி இறங்கக் கூடாது, மருத்துவர் பார்க்காமல் பயிற்சிக்கும் திரும்பக் கூடாது. செவன்ஸில் இங்கேதான் சிக்கல்: காலையில் அடிபட்டவனை "மத்தியானம் இறுதி ஆட்டம் இருக்கிறதே" என்று இறக்கப் பார்க்கும் ஆசை எல்லாப் பக்கத்திலிருந்தும் வரும், சில நேரம் அப்பாக்களிடமிருந்தும். நான் நீல அட்டை காட்டியபோது என்னிடம் சண்டைக்கு வந்த அப்பாக்கள் உண்டு.

பல்லுக்கு மவுத்கார்டு வாங்கும்போது கடையில் வெந்நீரில் போட்டுக் கடிக்கும் வகை கிடைக்கும், அது ஆரம்பத்துக்குப் போதும். போட்டி நாளில் பன்னி சௌ (ரொட்டிக்குள் கறி நிரப்பியது) எல்லாம் கடைசி ஆட்டத்துக்குப் பிறகு வைத்துக்கொள்ளட்டும். இரண்டு ஆட்டத்துக்கு நடுவே வாழைப்பழம், ரொட்டி, தண்ணீர் மட்டும். நிழலுக்கு ஒரு குடையும் கொண்டுபோங்கள். ஆட்டம் 14 நிமிடம்தான் என்றாலும், நாள் முழுக்க மைதானத்தில் காத்துக் கிடக்கப்போவது நீங்கள்தான்.